வேர் பாதையைப் பார்க்க

ஷாயிப் வீட்டு வாசலில் ஒரு நீலத் தொட்டி, ஒரு சோப்பு, ஒரு துண்டு. உள்ளே போகிறவன் செருப்பைக் கழற்றி முழங்கால்வரை கழுவிக்கொள்ள வேண்டும். உழவன் அல்லால் தொழுகைக்குக்கூட அவ்வளவு கழுவியதில்லை.

"நகத்துக்குள்ள பாரு, மண்ணு இருக்கு. அதையும் எடு," என்றான் ஷாயிப்.

"உழவன் காலுடா. மண்ணு இல்லாம மல்லிகைப்பூவா இருக்கும்?"

"மண்ணுல பூச்சி வரும்டா. ஒரு பூச்சி உள்ள போச்சுன்னா என் பொண்ணுங்க அத்தனையும் காலி."

பொண்ணுங்க என்று அவன் சொன்னது செடிகளை.

அல்லால் குனிந்து கழுவினான். ஷாயிப் அவனுடைய பெரியப்பா மகன். பிறந்ததிலிருந்து அல்லாலுக்குக் கிடைக்க வேண்டியது எல்லாம் ஒரு முழம் தள்ளி ஷாயிப் மடியில் போய் விழுந்துகொண்டிருந்தது. ஹாலந்துக்குப் போகக் காகிதம் வந்ததும் ஷாயிப்புக்குத்தான். தமிமூந்தைக் கட்டிக்கொண்டதும் ஷாயிப்தான். அல்லால்தான் முதலில் பெண் கேட்டுப் போனான். அவளுடைய அப்பன் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அடுத்த வாரம் ஹாலந்துக் காகிதம் வைத்திருந்தவனுக்குப் பெண்ணைக் கொடுத்தான்.

கட்டிக்கொண்டு போனவன் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவள் இந்த மலையிலேயே தனியாகக் கிடந்து அவனுடைய கஞ்சா வயலைப் பார்த்தாள். அவன் அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திப் பிள்ளை பெற்றான். ஒரு பனிக்காலத்தில் கழுதைக் கொட்டடியில் புல் எடுக்கப் போன தமிமூந்த் அங்கேயே விழுந்து செத்தாள். யாரும் கேட்காமல் கிடந்தாள். நாற்பதாம் நாளும் கழிந்த பிறகுதான் ஷாயிப் வந்தான். வந்தவன் பழைய வீட்டின் தலையில் புது மாடி கட்டினான். அந்தக் கொட்டடிக்கு வெள்ளையடித்து, சன்னலை அடைத்து, உள்ளே விளக்குகளைத் தொங்கவிட்டான்.

அந்தக் கொட்டடியைத்தான் இப்போது அல்லாலுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

வெள்ளைக் குழாய்கள் வரிசை வரிசையாக. குழாயில் ஓட்டை, ஓட்டைக்கு ஒரு செடி. மண் ஒரு பிடி இல்லை. வேர்கள் தண்ணீருக்குள் தொங்கின. ஷாயிப் ஒரு மூடியைத் தூக்கிக் காட்டினான். நீளமாய், வெளுப்பாய், கிழவியின் தலைமுடி மாதிரி.

"எல்லாம் ஒரே தாய்ச்செடி. கிளையை ஒடிச்சு நட்டது. விதையே கிடையாது. ஆண்செடி ஒண்ணுகூட வராது. உங்க பொம்பளைங்க மாதிரி வயல்ல குனிஞ்சு ஆண் புடுங்கற வேலையே எனக்கு இல்ல."

"தண்ணி?" என்று கேட்டான் அல்லால். தெரிந்துதான் கேட்டான். ஊற்றிலிருந்து ஒரு கறுப்புக் குழாய் மலையிறங்கி இந்த வீட்டுக்குள் போனது. அந்தக் குழாய் வந்த கோடையிலிருந்து அவனுடைய படிவயல்களுக்கு முறைத் தண்ணீர் விரல் தடிமன்தான் வந்தது.

ஷாயிப் மூடியைப் பழையபடி அழுத்தி மூடினான். "மக ரோட்டர்டாம்ல பிரசவத்துக்கு இருக்கா. போயிட்டு வரேன். உன்னைத் தவிர வேற எவனையும் நம்ப முடியாது. தொட்டியில தண்ணி குறைஞ்சா ஊத்து. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. இதுங்களுக்கு ராத்திரி பகல். பகல் ராத்திரி. ராத்திரி கரண்ட்டு ஒழுங்கா வருது, சூடும் கம்மி. அதனால அப்ப விளக்கு எரியும். பகல்ல இருட்டு. அந்த இருட்டுல ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்காத. தூக்கம் கெட்டுச்சுன்னா பூ கெட்டுரும்."

"செடிக்குத் தூக்கமா?"

"உனக்கு என்ன தெரியும்? நீ மண்ணைத் தின்னு மண்ணுல கிடக்கறவன்." சிரித்துக்கொண்டே அவன் அல்லால் தோளைத் தட்டினான்.

சிரித்துக்கொண்டு சொல்கிறவன் விளையாடுகிறான் என்று நம்பக் கூடாது. அவன் சொல்ல நினைத்ததைத்தான் சொல்கிறான்.

வீட்டில் அவன் மனைவி யம்னா மொச்சைக்கூழில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். அல்லால் சாவியை மேசையில் போட்டான்.

"ஹாலந்துக்காரர் வீட்டுக்கு வாட்ச்மேன் ஆயிட்டியாக்கும்," என்றாள் அவள். "நம்ம வயலு காயுது. நீ அவன் செடிக்குத் தண்ணி ஊத்தப் போற."

"அவன் செடியில ஆணே வராதாம்."

யம்னா கரண்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். "ஆணே இல்லாத அறையா? அப்ப தினமும் உள்ள போயிட்டு வர்றது யாரு மனுஷா?"

அல்லாலுக்குச் சிரிப்பு வரவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு யோசித்தான். அடைத்த அறை. அதில் ஒரே ஒரு ஆண்செடி பூத்த நிலையில் போய் உதறினால் போதும். அத்தனை பெண்பூவும் விதை கட்டிவிடும். விதை கட்டினால் பிசின் வராது. பிசின் இல்லாத கஞ்சாவை ஆடுகூட அலட்சியமாகத்தான் பார்க்கும்.

எவனும் கண்டுபிடிக்க முடியாது. காற்றில் வந்தது என்பார்கள்.

ஷாயிப் ஹாலந்து போன அந்த வாரம் மலைப் பெண்கள் வயல்களில் ஆண்செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தமிமூந்த் இருந்தவரை அந்த வேலையில் அவளுக்கு மிஞ்சியவள் கிடையாது. தூரத்திலிருந்தே ஆணை அடையாளம் காண்பாள். தண்டின் அடியைப் பிடிப்பாள். ஒரு திருகு, ஒரு இழுப்பு. வேர் மண்ணை முழங்காலில் தட்டி உதிர்ப்பாள். மெதுவாய் இரண்டு, பிறகு ஓங்கி ஒன்று. அப்புறம் வேர் பாதையைப் பார்க்க வரப்பில் கிடத்துவாள். வேர் வயலைப் பார்த்தால் மறுபடி பிடித்துவிடும் என்பது இங்கத்துப் பெண்களின் நம்பிக்கை. கைமாற்று வேலைக்காக அல்லால் வயலிலும் அவள் குனிந்திருக்கிறாள். அந்தத் தட்டலைக் கேட்பதற்காகவே அவன் வரப்பில் ஏதாவது வேலை இருப்பதுபோல நின்றிருக்கிறான்.

யம்னாவுக்குத் தெரியாமல் அவன் ஒரு ஆண்செடியை வயல் மூலையில் விட்டுவைத்தான். பூ மஞ்சளாய் வெடித்த அன்று வேர்மண்ணோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றி, ஜெல்லாபா அங்கிக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பினான்.

நல்ல உச்சி வெயில். நாய்கூட நிழலைவிட்டு வரவில்லை. ஷாயிப் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். கெடுக்க வந்தவன் காலைக் கழுவ வேண்டியதில்லை. ஆனாலும் பழக்கத்தில் கழுவிவிட்டான்.

முதல் கதவைச் சாத்தித் திரையைத் தள்ளினான். இரண்டாவது கதவையும் சாத்தினான்.

வெளியே கண் கூசும் பகல். உள்ளே கிணற்றடி இருட்டு.

எங்கோ பம்பு முனகியது. குழாய்களில் தண்ணீர் சிறு பிள்ளை உறிஞ்சுவதுபோல ஓடிற்று. பூ வாசம் தொண்டையை அடைத்தது. அழுகிய எலுமிச்சையும் ஈரக் கம்பளியும் கலந்த வாசம். கையை நீட்டிக்கொண்டு நடந்தான். இலைகள் முகத்தில் உரசின. ஈரமான, மெல்லிய விரல்கள்.

அறை நடுவில் நின்று துணியைப் பிரித்தான்.

அப்போதுதான் அந்த இன்னொரு வாசம் வந்தது.

மண் வாசம். முதல் மழை விழுந்த சிவப்பு மண்.

இந்த அறையில் ஒரு பிடி மண் கிடையாது. தன் கால் என்று நினைத்தான். கால் கழுவியாயிற்று.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. பம்பு மட்டும் முனகியது. பிறகு அதுவும் பம்பு இல்லை என்று தெரிந்தது. யாரோ குனிந்து வேலை செய்யும்போது மூக்கால் விடும் மூச்சு அது. வரிசையின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. ஒரு செடி. நின்றது. அடுத்த செடி. நின்றது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தது.

"யாரு?"

மூச்சு இன்னும் ஒரு செடி நெருங்கிற்று.

இலைகள் விலகின. மூச்சு அவன் எதிரில் வந்து நின்றது.

ஒரு கை அவன் கையைத் தொட்டது. சொரசொரப்பான கை. பிசின் ஏறிக் காய்ந்து, ஒட்டும் கை. அது அவசரப்படவில்லை. அவன் பிடித்திருந்த ஆண்செடியின் தண்டைத் தடவியது. பூவைத் தடவியது. அடியைப் பிடித்து, ஒரு திருகு திருகி, அவன் விரல்களிலிருந்து எடுத்துக்கொண்டது.

தட்.

தட்.

தட்!

அல்லாலுக்கு அந்தத் தட்டல் தெரியும். உலகத்தில் வேறு எதுவும் அவனுக்கு அவ்வளவு நன்றாகத் தெரியாது.

"தமிமூந்த்," என்று முணுமுணுத்தான். "நான்தான். அல்லால்."

கை அவன் இடுப்பைத் தொட்டது. இறங்கிற்று. முழங்கால். கணுக்கால். தண்டின் அடியைப் பிடிக்கிற மாதிரி அவன் கணுக்காலைச் சுற்றிப் பிடித்தது. அவன் திருகலுக்குக் காத்து நின்றான். ஓடத் தோன்றவில்லை.

கட்டைவிரல் அவன் குதிகாலைத் தேய்த்துப் பார்த்தது. மண் இருக்கிறதா என்று.

இல்லை.

விட்டுவிட்டது.

மூச்சு அவனைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போயிற்று.

எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. வெயிலில் உட்கார்ந்தபோது பற்கள் அடித்துக்கொண்டன. வாசல் படியில் அவன் கொண்டுபோன ஆண்செடி கிடந்தது. மண் சுத்தமாக உதிர்ந்த வேர். வேர் பாதையைப் பார்க்க இருந்தது. பூவில் ஒரு துளி மஞ்சள் பொடிகூடக் கலையவில்லை.

பயம் கொஞ்சம் இறங்கியதும் அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. செத்தும் ஷாயிப்புக்கே காவல் இருக்கிறாளே என்ற காந்தல். திரும்பிப் பார்க்காதவனுடைய செடியைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். பெண் கேட்டுப் போனவன் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போடுகிறாள். அன்றைக்கு அப்பன் சொன்னான். இன்றைக்கு அவளே சொல்லிவிட்டாள்.

ஷாயிப் பேரனோடு எடுத்த படங்களைக் காட்டிக்கொண்டு திரும்பி வந்தான். அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து அல்லால் கன்னத்தைக் கிள்ளினான்.

"பரவால்லடா, ஒண்ணும் கெடுக்கல. மண்ணாங்கட்டின்னு நினைச்சேன்."

"பகல்ல உள்ள போகாத," என்றான் அல்லால்.

"ஏன்?"

"அவ இருக்கா."

"எவ?"

"உன் பொண்டாட்டி. ஆண்செடி தேடிக்கிட்டு இருக்கா."

ஷாயிப் வயிறு குலுங்கச் சிரித்தான். "என் அறையில ஏதுடா ஆண்செடி? பாவம், செத்தும் வேலை தெரியல அவளுக்கு."

அல்லால் வாயைத் திறந்தான். யம்னா கரண்டியோடு கேட்ட கேள்வி அப்போதுதான் அவனுக்குள் முழுதாக விளங்கியது. ஆணே இல்லாத அறைக்குள் போய்வருகிறவன் யார்? அதைச் சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஷாயிப் சிரிப்பு இன்னும் முடியவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே அல்லால் வாயை மூடிக்கொண்டான்.

"நீ அவளைக் கேட்டுப் போனவன்ல?" என்றான் ஷாயிப் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதான் உனக்குத் தெரியறா."

கால் கழுவிக்கொண்டு, துண்டால் துடைத்துக்கொண்டு, உச்சி வெயிலில் அவன் தன் பெண்களின் ராத்திரிக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான்.

அல்லால் வாசலில் நின்றான். சுவர் தடிப்பானது. ஆனாலும் கேட்டது.

தட். தட்.

தட்!

ஷாயிப்பைத் தூக்குவதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் செடிகளைத் தூக்கினார்கள். போலீஸ் வருவதற்குள் குழாய், விளக்கு எல்லாம் மலைப் பள்ளத்துக்குப் போய்விட்டது. பிணம் காத்திருக்கும், போலீஸ் காத்திருக்காது. இருதயம் என்று டாக்டர் எழுதினார். எழுதட்டும். கதவைத் திறந்தபோது முதலில் உள்ளே போனவன் அல்லால். அவன் பார்த்தான்.

ஷாயிப் வரிசைகளுக்கு நடுவில் நீட்டிக் கிடந்தான். கால் இரண்டும் வாசலைப் பார்க்க இருந்தன. ஒரு கணுக்கால் திருகியிருந்தது. பாதத்தருகில் ஒரு சிறு குவியல் சிவப்பு மண். அவ்வளவு கழுவியும் அவன் காலில் அவள் மண்ணைக் கண்டுபிடித்துவிட்டாள்.

என் காலில் கிடைக்கவில்லையே. அதுதான் அல்லாலுக்கு முதலில் தோன்றியது. துக்கமும் பயமும் அப்புறம்தான் வந்தன.

கறுப்புக் குழாயை அறுத்தார்கள். ஊற்றுத் தண்ணீர் பழைய முறைக்கு வந்தது. அல்லால் வயல் ஆள் உயரம் எழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. தினமும் சேற்றில் மிதித்துவிட்டு வந்து, அப்பிய மண்ணோடு செருப்பை வாசலில் விட்டான். யம்னா கழுவப் போனால் சீறினான்.

"செருப்புக்குக் காவலா?" என்று அவள் கேட்டாள். "எந்த ராசாத்தி வந்து திருடப் போறா?"

ஒவ்வொரு காலையும் வந்து பார்த்தான். மண் அப்படியே இருந்தது. பனிக்காலம் தொடங்கி, வீடுகளில் காய்ந்த கஞ்சாவைத் துணிமேல் கொட்டிக் குச்சியால் தட்டும் சத்தம் மலை முழுக்க எழுந்தது. அந்தச் சத்தங்களுக்கு நடுவே வேறொரு தட்டலுக்காக அவன் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். தாடி வெளுத்து வயிறு ஒட்டிப்போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் வயலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தான். யம்னா தண்ணீர்ச் செம்போடு வாசலுக்குப் போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"மனுஷா, செருப்பை நீயே தட்டி வெச்சியா? நல்லா வெச்ச போ. தலைகீழா வெச்சிருக்க."

அவன் எழுந்து போய்ப் பார்த்தான்.

மண் ஒரு துகள் இல்லை. செருப்பு இரண்டும் படியில் ஒட்டிக் கவிழ்ந்து கிடந்தன. குதிகால் பாதையைப் பார்க்க இருந்தது. பக்கத்தில் ஒரு சிறு குவியல், இன்னும் ஈரமாக.

யம்னா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தாள். அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"ரொட்டியை மூடி வை," என்றான் அல்லால். வெறுங்காலோடு, கழுவாமல், பூட்டிக்கிடந்த அந்தக் கொட்டடிப் பக்கம் நடந்தான்.