எழுபதைத் தாண்டிய முள்

அன்று காலை மூன்றாம் காற்றுக்குழாயில் குண்டு வெடித்து இரண்டு பேர் செத்தார்கள். மக்களின் கோபத்தை அளக்கும் சினமானியின் முள் நாற்பத்தொன்றைத் தொட்டது. வழக்கம்போல் மன்றம் அரைநாள் விடுமுறை அறிவித்ததும் முள் பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது.

செவ்வாய்க் குடியிருப்பின் தளபதி ரெஜினாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பழைய சுரங்கத்தில் பதுங்கியிருக்கும் குண்டுக்காரர்களை ஒரேயடியாக ஒழிப்பதா, வாரம் இரண்டு சாவோடு காலத்தை ஓட்டுவதா? பதினோரு ஆண்டுகள் வழவழவென்று பேசிய மன்றம், கடைசியில் முடிவைச் சினமானி இயந்திரத்தின் தலையில் கட்டிவிட்டது. மக்களின் கைப்பட்டைகள் கோபத்தை அளந்து அனுப்பும். முள் எழுபதைத் தாண்டினால், கோபம் யார்மீதோ அவர்கள்மீது படை போகும். குண்டு வைப்பவர்களைத் தவிர வேறு யார்மீது வரப்போகிறது என்று சட்டம் எழுதியவர்கள் நம்பினார்கள்.

சுரங்கத்துக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஒரே நாளில் மூன்று பேருக்கு மேல் அவர்கள் கொல்வதே இல்லை.

ரெஜினாவின் கணவன் பிலவேந்திரன் குழாய் பழுதுபார்ப்பவன். காலையில் செத்த இருவரும் அவனோடு வேலை செய்தவர்கள்.

"அடுத்தது என் வீட்டுக்காரரா இருந்தாலும் மத்தியானம் லீவு விட்டுட்டு முடிச்சிடுவீங்க, இல்ல?" என்றாள் சினமானியை இயக்கும் அய்யாக்கண்ணுவிடம்.

"நான் என்ன மேடம் பண்றது? ஜனங்களுக்குப் பழகிப்போச்சு. போன வாரம் குண்டு ஒரு நாள் லேட்டானதுக்கே நாலு பேர் போன் பண்ணி விசாரிச்சாங்க."

ரெஜினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதுகாப்புக் காரணம் காட்டி அங்கேயே விடுமுறையை ரத்து செய்தாள். படுத்துத் தூங்காமல் இருந்தாலாவது செத்தவர்களை நினைப்பார்கள், ரோஷம் வரும் என்பது அவள் எண்ணம்.

முள் ஏறியது. ஐம்பது, அறுபது. இந்த ஜனங்களுக்கும் சொரணை வந்துவிட்டதே என்று அவளுக்குக் கண் கலங்கியது. எழுபத்து மூன்றில் படைக்கு ஆணை தானாகப் போயிற்று.

அப்போது பிலவேந்திரன் அழைத்தான்.

"உனக்கு அறிவிருக்கா ரெஜினா? மாசத்துல கெடைக்கிறதே நாலு மத்தியானம். அதையும் புடுங்கிட்டியே. பட்டறையே உன்னைத்தான் கரிச்சுக் கொட்டுது."

"உங்க உசுருக்காகத்தான் பண்ணேன்."

"அதெல்லாம் சரி. லீவு உண்டா, இல்லையா?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது. வெளியே அவளே பயிற்சி கொடுத்த பதினான்கு வீரர்கள் கவசத்தோடு நின்றார்கள். முன்னால் நின்றவன் ஆணையை இரண்டு முறை படித்துப் பார்த்தான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"இலக்குன்னு உங்க பேர்தான் போட்டிருக்கு, மேடம்."

அவளுக்கு விலங்கு மாட்டும்போதே முள் நான்குக்கு இறங்கியிருந்தது. தளபதி பிடிபட்டதை முன்னிட்டு, மன்றம் நாளை முழுநாள் விடுமுறை அறிவித்திருந்தது.