பின் சீட்டுத் தோல்

"ஏட்டய்யா, என் காரை உரிச்சிட்டாய்ங்க!"

இட்லி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த மொக்கையன் நிமிர்ந்தார். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும், போடிநாயக்கனூரில் களவு போனால் முதலில் அவர் வீட்டுக்குத்தான் ஓடி வருகிறார்கள். வந்தவர் ஏலக்காய் வியாபாரி ஈஸ்வரன். தாத்தா காலத்து 1938 ஆஸ்டின் காரை அவர் விற்கப்போவது ஊருக்கே தெரியும். பெயின்ட் முதல் விளக்கு வரை அன்று வந்தபடியே இருக்கும் வண்டி. குறை என்றால் பின் சீட்டில் கையகலக் கறை ஒன்றுதான். இப்போது அந்த சீட்டுத் தோலையே காணோம்.

"நாளைக்குக் கோயம்புத்தூர்க்காரர் வண்டி எடுக்க வர்றாரு. பழைய தோலு இல்லாட்டி வேணாம்ங்கிறாரு. கறையை மருந்து போட்டு எடுக்கச் சொல்லி, சீட்டு தைக்கிற திருப்பதிக்கிட்ட நேத்துதான் சொன்னேன். அவன் சோலிதான் இது. சாயந்தரத்துக்குள்ள தோலு வரலைன்னா ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்திருவேன்."

"சீமைத் தோலு மாமா, கிராக்கி இருக்கும். திருப்பதியேதான்!" என்று துள்ளினான் மொக்கையனின் மைத்துனன் வினோத்குமார். கண்ணில் முதலில் படுகிறவன்தான் அவனுக்குக் கள்ளன்.

"பொறு மாப்ளே. அவன் பிள்ளைகுட்டிக்காரன். ஒருதடவை ஸ்டேஷன்ல ஏத்திட்டா அப்புறம் எவன் அவனுக்கு வேலை குடுப்பான்?"

ஈஸ்வரனின் ஏலக்காய் ஷெட்டை ஒட்டிய கொட்டகையில் கார் நின்றது. முன் சீட்டுகள் இரண்டும் பளபளவென்று இருந்தன. பின் சீட்டில் ஸ்பிரிங்குகள் வெளியே தெரிந்தன. கீழே எட்டுப் போட்டுச் சுற்றிய நூல்கண்டு ஒன்று கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, திருப்பதியையும் அங்கே வரவழைத்தார் மொக்கையன்.

"விக்கிறதுக்கு எடுக்கிறவன் நல்ல தோலை விட்டுட்டுக் கறைத் தோலை எடுப்பானா? வந்தவுகளுக்குக் கறைதான் வேணும். திருப்பதின்னா பிளேடு போட்டு ஒரே இழுப்புல அறுத்திருப்பான். இது தையல் தையலா உருவினது. உருவின நூலைக்கூட வீசாம சுத்தி வச்சிருக்கு. மூட்டை பிரிக்கிற கைக்குத்தான் அந்தப் பழக்கம். உங்க ஷெட்டுல மூட்டை பிரிக்கிறது யாரு?"

"முத்துப்பேச்சி. ஒரு முழச் சணலைக்கூட வீணாக்க மாட்டா..." ஈஸ்வரன் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கறை எப்படி வந்துச்சு?"

"வெத்தலை எச்சின்னு அப்பா சொல்லுவாரு. அது பொய்யி ஏட்டய்யா. இருபத்திநாலு வருசம் ஆச்சு. அவ அப்ப நம்ம மலைத் தோட்டத்துல இருந்தா. பிரசவ வலி. ஜீப்பு ஒண்ணும் அம்புடலை. நான்தான் இந்தக் காருல போடிமெட்டுல இருந்து இறக்கிக் கொண்டாந்தேன். வழியிலேயே பெறந்திருச்சு. கீழ வந்து பார்த்தா உயிரு இல்ல."

முத்துப்பேச்சியைக் கூப்பிட்டார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து மடித்த தோலை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"தப்புத்தான் மொதலாளி. திருப்பதி அண்ணே மேல பழி விழும்னு நெனைக்கலை. மருந்து போட்டு அழிக்கப் போறாகன்னு கேட்டதும் மனசு தாங்கலை. புள்ளையப் பொதைச்ச எடத்தையும் ரோடு அகலம் பண்றப்ப தோண்டிட்டாக. எனக்கு இது ஒண்ணுதான் மிச்சம்."

"செத்துப் பெறந்த பிள்ளைதானே பேச்சி," என்றார் ஈஸ்வரன். ஆறுதலாகத்தான் சொன்னார். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"இல்ல மொதலாளி. அழுதுச்சு. மூணு வளைவு தாண்டுற வரைக்கும் அழுதுச்சு. நீங்க வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தீக, ஒங்களுக்குக் கேக்கலை. சொன்னா மனசு நோவீகன்னுதான் இத்தனை நாளா சொல்லலை."

திருப்பதி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முத்துப்பேச்சி நீட்டிய தோலை ஈஸ்வரன் கண்ணீரோடு அவள் பக்கமே தள்ளினார். "இது ஒன்கிட்டயே இருக்கட்டும். கோயம்புத்தூர்க்காரரை வர வேணாம்னு சொல்லிர்றேன்." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார், "என்ன புள்ள பேச்சி?"

"பொம்பளப் புள்ள," என்றாள். "இதை ஒருத்தரும் எங்கிட்டக் கேட்டதில்ல மொதலாளி."