"நான் கேக்கவே இல்ல சார்!"

முல்லையாற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் உத்தமபாளையத்தில் எங்கே பார்த்தாலும் நடவுதான். பூமாரியின் அப்பா மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார். அம்மா மொக்கம்மாள் விடிந்ததும் வயலில் இறங்கினால், பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவாள்.

அன்று வந்தவள் காலில் ஒட்டிய சேற்றைக்கூடக் கழுவவில்லை. சுவரோரம் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

"செத்த நேரம் சாஞ்சுக்கிறேன்த்தா. அப்புறம் உலை வைக்கிறேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கண் சொருகிவிட்டது.

பூமாரிக்குப் பசி. ஆனாலும் அம்மாவை எழுப்ப மனம் வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு ஒரு சோறு ஆக்கத் தெரியாதா? அவளே உலை வைத்தாள். அரிசி களைந்து போட்டாள். சோறு நன்றாகவே வெந்தது. கஞ்சி வடிக்கும்போதுதான் மூடி நழுவியது. கொதிக்கிற கஞ்சி ஆள்காட்டி விரலில் வழிந்தது.

"ஆத்தாடி!"

மொக்கம்மாள் அலறியடித்து எழுந்தாள். விரலைத் தண்ணீரில் முக்கி வைத்தாள். பிறகு பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றினாள். பதற்றத்தில் சுற்றிக்கொண்டே போனதில், விரல் வாழைப்பூ கணக்காக வீங்கி நின்றது.

"எல்லாம் என்னாலதான். இனி நீ அடுப்புப் பக்கமே போகக்கூடாது. கோழி கூப்பிட எந்திரிச்சு நானே ஆக்கி வச்சுட்டுப் போறேன்."

அன்று மொக்கம்மாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. 'இப்பவே இந்தப் பாடு. இன்னும் முன்னால எந்திரிச்சா அம்மா எப்பத்தான் தூங்கும்?' விரலைவிட அந்த நினைப்புதான் பூமாரியை வாட்டியது.

மறுநாள் பள்ளிக்கூடம். விரலைத் தொங்கவிட்டால் விண்விண் என்று தெறித்தது. அதனால் முழங்கையைத் தொடையில் ஊன்றி, விரலை மேலே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒற்றை விரல் நீட்டினால் வகுப்பில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஞானதுரை சார் அன்று இரண்டு வகுப்புகளைச் சேர்த்துக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தபடியே, "சரி, போயிட்டு வா" என்றார்.

"சார், நான்..."

"போன்னா போ!"

போனாள். புங்கமரத்தடியில் சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

கொஞ்ச நேரத்தில், "மறுபடியுமா? சரி, போ." மறுபடியும் புங்கமரம். மூன்றாவது தடவையும் அதே கதை.

நாலாவது முறை சாருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, முல்லையாத்துத் தண்ணி பூராவும் நீதான் குடிச்சியா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. பக்கத்தில் இருந்த கமால்தான் எழுந்து, "சார், அவளுக்குக் கை சுட்டுருச்சு சார்!" என்றான்.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "அடடா, இதை மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"நான் கேக்கவே இல்ல சார். நீங்கதான் போகச் சொன்னீக."

சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பூமாரிக்கோ அழுகை முட்டியது. இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்கு நடந்தாள்.

சாயங்காலம் மொக்கம்மாள் வந்தாள். வந்ததும் வராததுமாகக் கட்டுப் போட்ட விரலைப் பிடித்துப் பார்த்தாள். கண் கலங்கியது. களைத்துப்போன அந்த முகத்தைப் பார்த்ததும் பூமாரி தன் முடிவை மாற்றிக்கொண்டாள்.

"அம்மா, இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு கூத்து நடந்துச்சு, கேளு!"

விரலை நீட்டிக் காட்டினாள். சார் மாதிரியே கண்ணைத் தேய்த்தாள். புங்கமரத்தடியில் முழித்ததையும் நடித்துக் காட்டினாள். முல்லையாற்றுத் தண்ணீர்க் கட்டம் வந்தபோது மொக்கம்மாளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஐயோ, போதும்டி! ஏற்கெனவே இடுப்பு விட்டுப் போகுது!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதுதான் சமயம் என்று பூமாரி கேட்டாள். "சோத்த நான் ஆக்குறேன். கஞ்சிய மட்டும் நீ வடி. சரியா?"

மொக்கம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "சரித்தா. கொதிக்கிற பானைய நீ தொடவே கூடாது" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, அத்தனை தடவை போனியே, ஒரு தடவையாவது நெசமா வந்துச்சா?" என்று கேட்டாள்.

"மூணாவது தடவை வந்துச்சும்மா."

அன்று அடுப்பைப் பற்ற வைக்க வெகுநேரம் ஆனது. தீப்பெட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இரண்டு பேரில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.