சந்துப் பக்கத்து வாசல்

கார்த்திகை மாதத்தில் மாம்பழ வாசம் வந்தால் யாருக்கும் முதலில் எரிச்சல்தான் வரும். பாண்டிசெல்விக்கும் அதுதான் வந்தது. அப்பா படுத்திருக்கும் அறையைக் காலையில்தான் டெட்டால் ஊற்றித் துடைத்திருந்தாள். பதினோரு மணிக்குக் கஞ்சியோடு உள்ளே போனால், வைக்கோலுக்குள் பழுக்கப் போட்ட சப்பட்டை மாம்பழ வாசம், தித்திப்பும் லேசான அழுகலும் கலந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து கனமாக எழும்பிக்கொண்டிருந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். மூத்திரக் குடுவையும் பழைய செய்தித்தாள் கட்டும்தான் இருந்தன. சித்திரை, வைகாசியில் என்றால் ராஜபாளையத்துத் தெருவெல்லாம் இந்த வாசம்தான். இப்போது வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

எலி எதையாவது இழுத்துவந்து போட்டிருக்கும் என்று இன்னொரு தடவை துடைத்துவிட்டாள். அந்த அறைச் சுவரை உடைத்துச் சந்துப் பக்கத்தில் புது வாசல் திறந்து அன்றைக்கு மூன்றாம் நாள்.

அந்த வீட்டை ஒரு காலத்தில் மில்காரர் பங்களா என்று ஊரே சொல்லுமாம். இப்போது ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் முழிப்பார், ஸ்கேன் சென்டருக்குப் பின்னாடி என்றால்தான் வண்டியை எடுப்பார். ஒரு பக்கம் ஸ்கேன் சென்டரின் ஜெனரேட்டர், மறுபக்கம் மூன்று மாடி ஜவுளிக்கடை, எதிரில் செல்போன் கடைகள். ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. தெருவிலிருந்து ஐந்து படி இறங்கி, முற்றத்தைக் கடந்து, மறுபடியும் நான்கு படி ஏறினால்தான் முழங்கால் உயர நிலைப்படியே வரும். உள்ளே பதினாறு தேக்குத் தூண். ஜன்னல் மேல் பதித்த கலர் கண்ணாடியில் பாதி உடைந்து தகரம் அடித்திருந்தது. மழை பெய்தால் மச்சிலிருந்து சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிரும். வீட்டுக்காரர் ஹரிகிருஷ்ண ராஜா கோயம்புத்தூரில் இருந்தார். பூட்டிப் போட்டால் பாழாகிவிடும் என்று பின்கட்டில் இரண்டு அறையையும் கூடத்தையும் செல்விக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, மற்ற அறைகளைப் பூட்டி வைத்திருந்தார். பின்கட்டு அறையில் கிடந்த பெரிய ஈட்டிமரக் கட்டிலை நகர்த்தக்கூட முடியாது. அதில்தான் அப்பாவைப் படுக்க வைத்திருந்தாள்.

அப்பா சுயம்புலிங்கம். சொந்த ஊர் வ. புதுப்பட்டி. போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் வலது பக்கமாகத் தொங்கிப்போனது. அவர் பேசுவது மற்றவர்கள் காதில் வெறும் குழறல்தான், செல்விக்கு மட்டும் அது வார்த்தை. அவள் புருஷன் ஜெயபாண்டி பட்டாளத்தில், அஸ்ஸாமில். அம்மா செத்தபோது செல்விக்கு மூன்று வயது. அதன் பிறகு இன்னொரு கல்யாணத்தை நினைத்துக்கூடப் பார்க்காமல் அவளுக்குத் தலை பின்னி, ரிப்பன் கட்டி, சோறூட்டி வளர்த்த மனிதர். புருஷனைத் தவிர இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்தவர் அவர் ஒருத்தர்தான். அவர் சாகிற நாள் வந்தாலும் தன் மடியில்தான் சாக வேண்டும், அநாதையாக எங்கும் கிடக்கக் கூடாது என்று மனசுக்குள் அடிக்கடி சொல்லிக்கொள்வாள்.

புது வாசலும் அவருக்காகத்தான். போன மாதம் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போகும்போது நிலைப்படியில் அவர் கால் மோதி ரத்தம் வந்துவிட்டது. அவர் அறையின் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சந்து. அங்கே ஒரு வாசல் வைத்தால் ஆம்புலன்ஸ் சுவரை ஒட்டியே வந்து நிற்கும். வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் கேட்டாள். சரி என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. எந்தச் சுவர் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

கொத்தனார் சின்னக்கருப்பன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஓர் இடத்தில் நின்றார். மற்ற இடமெல்லாம் கல் மாதிரி இறுகிய சுண்ணாம்புக் காரை. அங்கே மட்டும் மண்ணைக் குழைத்து அவசரமாக அடுக்கிய செங்கல். கடப்பாரையின் மூன்றாவது குத்திலேயே பொலபொலவென்று வந்துவிட்டது. இடுப்பளவு உயரம், படுத்த ஆளைத் தூக்கிப் போகிற அகலம். மேலே உத்திரக்கல் இல்லை, நிலை வைத்த அடையாளமும் இல்லை. ஜன்னலும் இல்லாத வாசலும் இல்லாத ஓட்டை. கொத்தனார் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேலே இடித்து உயர்த்தினார். வேலை சுலபமாக முடிந்ததில் செல்விக்குச் சந்தோஷம்.

நான்காம் நாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. ஸ்கேன் சென்டரின் ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. ஜவுளிக்கடைப் பாட்டும் நின்றது. இத்தனை மாதமாகச் சத்தத்துக்குள்ளேயே குடியிருந்தவளுக்கு, அந்த வீடு தன் சொந்த அமைதிக்குத் திரும்பியபோது காது அடைத்த மாதிரி இருந்தது. கூடத்தில் உட்கார்ந்து பேண்டேஜ் துணி சுருட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டிலிருந்து நீர் சொட்டுவதும், பூட்டிய அறை ஒன்றில் பல்லி கத்துவதும், தன் கைக்குள் துணி உரசுவதும்கூடத் தனித்தனியாகக் கேட்டது. அப்போது அப்பா அறையில் கட்டில் முனகியது. பாரமான ஒருவர் முதலில் கையை ஊன்றி, பிறகு இடுப்பை இறக்கி, கடைசியாகக் கால்களை ஒவ்வொன்றாக மேலே எடுத்துப் போடும்போது வருகிற முனகல். அப்பா நாற்பது கிலோகூட இல்லை. அவருக்கு அந்தக் கட்டில் என்றைக்கும் முனகியதில்லை.

எழுந்து போய்ப் பார்த்தாள். புது வாசலில் தொங்கவிட்ட தார்ப்பாய் அசையவில்லை. அப்பா சுவரோரமாக ஒண்டிப் படுத்திருந்தார். காலையில் நடுவில் படுக்க வைத்துவிட்டுப் போனவள் அவள்தான். தானாகப் புரளக்கூட அவரால் முடியாது. கட்டிலின் மறுபாதி காலியாக இருந்தது. மெத்தையில் ஒரு பள்ளம்.

யார் நகர்த்தியது என்று கேட்டாள். அப்பா இடது கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பினார்.

"அவிய வந்திருக்காக. செத்த நவுந்து படுன்னாக."

"யாருப்பா?"

"வீட்டுக்காரவுக."

மூளையில் அடைப்பு உள்ளவர்கள் இப்படியெல்லாம் பேசுவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்வி அதைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு முழுக்க அந்தப் பள்ளத்தில் கை வைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி என்று ஊரில் பேர்தான். புது வாசலின் தார்ப்பாய்க்குக் குறுக்கே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டாள். மறுநாள் காலையில் பெஞ்சு ஓரமாக, சுவரை ஒட்டி, நேராக வைக்கப்பட்டிருந்தது.

அன்றைக்கு அப்பா கஞ்சி குடிக்கவில்லை. கரண்டியை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டு, காலியாக இருந்த மறுபாதியை ஒரு பார்வை பார்த்தார். அடுத்தவர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிட்டவர் பார்க்கும் பார்வை. அறை முழுக்க அதே மாம்பழ வாசம். அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது. கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"எந்திரிக்கச் சொல்லுதாக, தாயி. நான் எங்கிட்டுப் போவேன்?"

அவர் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதுவிட்டாள். நீ எங்கேயும் போக வேண்டாம், நான் இருக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மூன்றரை மணிக்கு வீட்டுக்காரர் போன் வந்தது. வாசலைப் போட்டோ எடுத்து முந்தின நாள் அனுப்பியிருந்தாள், இப்போதுதான் பார்த்தாராம். குரல் உயரவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது.

"அந்த இடத்தை யாரும்மா உடைக்கச் சொன்னது?"

பிறகு அவரே சொன்னார். அவருடைய தாத்தா, மில்லைக் கட்டியவர், அந்த அறையில் அந்தக் கட்டிலில்தான் நான்கு வருடம் படுக்கையில் கிடந்தார். கடைசி நாட்களில் வேறு எதுவும் இறங்காது, மாம்பழம் மட்டும்தான். கட்டிலுக்கு அடியில் வைக்கோல் போட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். செத்தது சதய நட்சத்திரத்தில், செத்த அறையை ஆறு மாதம் அடைத்து வைக்கச் சொல்லும் நட்சத்திரம். அடைப்பு. அந்த நட்சத்திரத்தில் போனவர்களை வாசல் வழியாகக் கொண்டுபோனால் அதே வழியில் திரும்பி வந்துவிடுவார்கள். அதனால் சுவரை உடைத்து அந்த ஓட்டை வழியாகத் தூக்கினார்கள். எரித்துவிட்டு ஆட்கள் திரும்புவதற்குள் மண்ணைக் குழைத்து அடைத்தும்விட்டார்கள். ஆறு மாதம் அறையைப் பூட்டி வைத்தார்கள். அந்த ஆறு மாதமும் சந்துப் பக்கமிருந்து யாரோ சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிற சத்தம் கேட்டதாக அவருடைய அப்பா சொல்வாராம். வாடகைக்கு வருகிறவர்களிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று நிறுத்தினார்.

"எங்க அப்பா அவியளுக்கு என்ன சார் செஞ்சாரு?" என்றாள் செல்வி.

அவர் பக்கத்தில் யாரிடமோ தங்கள் வீட்டுத் தெலுங்கில் இரண்டு வார்த்தை பேசினார்.

"கட்டில்ல வேற ஆள் இருந்தா எழுப்பி அனுப்பிருவாரும்மா. உயிரோட இருக்கையிலயே அப்படித்தான். பொழுது சாயுறதுக்குள்ள அடைச்சிருங்க."

ஆம்புலன்ஸ்காரர்களைக் கூப்பிட்டாள், அப்பாவை முதலில் வெளியே தூக்கிவிடலாம் என்று. வண்டி மதுரைக்குப் போயிருக்கிறது, திரும்ப ஏழு மணியாகும் என்றார்கள். கார்த்திகை மாதத்துப் பொழுது ஆறு மணிக்கே இருட்டிவிடும். அதுவரை அவரைச் சந்தில் வெறுந்தரையில் கிடத்தவும் அவளுக்கு மனசு வரவில்லை. சின்னக்கருப்பன் அவள் கூப்பிட்ட அரை மணி நேரத்தில் கொத்துக் கரண்டியோடு வந்து நின்றார். அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அன்னைக்கே மனசுக்குச் சரியாப் படல தாயி. கூலிக்கு வந்தவன் எதுக்குப் பேசணும்னு வுட்டுட்டேன்," என்றவர், கல்லை எடுக்கும் முன் ஒன்று மட்டும் கேட்டார். "உள்ள யாரு இருக்காக?"

"அப்பா மட்டுந்தான்."

சந்தில் நின்று அவள் கல் எடுத்துக் கொடுக்க, அவர் வரிசை வரிசையாக அடுக்கினார். ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில் அவள் கண் உள்ளே போயிற்று. அப்பா கண்ணை மூடி மல்லாந்து படுத்திருந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. மறுபடியும் கட்டிலின் நடுவில். இது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது அவளுக்கு. சுவர் மார்பளவு வந்தது. கழுத்தளவு வந்தது. வானம் சாம்பலாகிவிட்டது. ஒரு கல் இடைவெளி மட்டும் மிச்சமிருந்தபோது எட்டிப் பார்த்தாள். அப்பா கண் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரித்தார்.

அவளும் சிரித்தாள். கொத்தனார் கடைசிக் கல்லை வைத்து, கரண்டிக் காம்பால் தட்டி இறுக்கினார். திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் சந்தைச் சுற்றித் தெருவுக்கு வந்தாள். ஐந்து படி. முற்றம். நான்கு படி. நிலைப்படியைத் தாண்டும்போதுதான் அது உறைத்தது. அப்பா வாயின் இரண்டு பக்கத்தாலும் சிரித்திருந்தார்.

ஓடினாள். தூண்கள். பூட்டிய கதவுகள். கூடத்தில் சுருட்டாத துணி. அறைக் கதவு.

அப்பா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நேராக. இரண்டு பாதமும் தரையில். வலது கையை முகத்துக்கு முன்னால் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா."

அவர் நிமிர்ந்தார். புதுச் சுவரைக் காட்டினார். குழறல் இல்லை. தெளிவான, அதிகாரமான குரல்.

"வாகிலி எவரு மூசினாரு?"

வாசலை யார் அடைத்தது என்று கேட்டார். அப்பாவுக்குத் தெலுங்கில் ஒரு சொல்கூடத் தெரியாது.

அப்போது வெளியிலிருந்து கேட்டது. ஈரக் கல்லுக்கு அந்தப் பக்கம். சந்து. தாழ்வாக, தரையை ஒட்டி. வேறு யார் காதிலும் அது வார்த்தையாக விழாது.

"செல்வி… குளுருதே தாயி… என்னைய வெளிய வச்சு அடைச்சிட்டியே."

அவள் கால் சுவரை நோக்கி நகர்ந்தது. பச்சைச் சுவர். ஓங்கி ஓர் உதை விட்டால் விழுந்துவிடும்.

கட்டிலில் இருந்தவர் தலையைச் சாய்த்து அந்தக் குரலைக் கடைசிவரை கேட்டார். பிறகு, அவளைப் பெற்ற அந்த முகத்தால் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினார்.