வாய் மூடிய மெட்டி

ஐப்பசி மழையில் பட்டாபிராம் சைடிங் ஸ்டேஷனை ஒட்டிய தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. எண்பத்தொன்பதாம் வருஷத்து மழை. கருவிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நகைப் பத்தர் உத்தமன் தாயம்மாள் வீட்டுப் படியேறினான். சாயங்காலம்தான். கரண்ட் இல்லாததால் வீட்டுக்குள் இருட்டியிருந்தது.

"வா பத்தரே. மாப்ள ஊர்வலமா வர்றே, இவ்ளோ மெதுவா?" தாயம்மாள் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்.

"ரோடாக்கா இது? நீந்திகினு வந்தேன்."

கூடத்தில் பாய்மேல் அவள் மருமகள் சுசீலா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நிறைமாத வயிறு. பாதங்கள் வீங்கியிருந்தன. இடது காலின் இரண்டாவது விரலில் வெள்ளி மெட்டி சதைக்குள் புதைந்து, விரல் நுனி நாவற்பழ நிறத்துக்கு வந்திருந்தது.

"டாக்டரும் கட்டர் வச்சிப் பாத்துட்டாரு, அசையல. காலைக்குள்ள மெட்டி வரலன்னா விரல எடுத்துடணுமாம்" என்றாள் தாயம்மாள்.

உத்தமனுக்கு அது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. மெட்டியின் அடியில் எப்போதும் ஒரு வாய் இருக்கும். இரண்டு முனைகளையும் ஒட்டாமல் விட்டிருப்பார்கள். குறட்டால் நெம்பினால் விரிந்துகொடுக்கும். அவன் நகத்தால் வாயைத் தேடினான்.

வாய் இல்லை.

மறுபடி தடவினான். அடியில் மூன்று சின்னப் புள்ளிகள் நகத்தில் தட்டின.

அது அவன் போடும் அடையாளம். வாய் மூடிய மெட்டி அவன் வாழ்நாளில் ஒரே ஒரு ஜோடிதான் செய்திருக்கிறான். சில வருஷங்களுக்கு முன் புஷ்பா என்ற பெண் கடைக்கு வந்து கேட்டாள். "எங்க மாமியாருக்குக் கோவம் வந்தா என் மெட்டியக் கயிட்டிடும்ணே. நீ இந்த ஊட்டு மருமவளே இல்லன்னு சொல்லும். கயிட்டவே முடியாத மாதிரி பண்ணிக் குடு."

வாயை மூடவே கூடாது என்பார் அவன் அப்பா. மூடினால் அதைப் போட்டவள் செத்த பிறகும் போக மாட்டாளாம். அதனால்தான் பிணத்தைக் குளிப்பாட்டும்போது மெட்டியின் வாயைக் கொஞ்சம் விரித்துவிடுவார்கள். உத்தமன் அதையெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொண்டே வெண்காரம் தடவி, ஊதுகுழலால் ஊதி, இரு முனைகளையும் பற்றவைத்தான். புஷ்பா சோப்புப் போட்டு மெட்டியை ஏற்றிக்கொண்டு, தரையில் காலைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனாள்.

"இது புஷ்பாவோடதாச்சே" என்றான்.

தாயம்மாள் விளக்கைக் கீழே வைத்தாள். "என் பையனோட மொத சம்சாரம். பிரசவத்துல போயிட்டா. மெட்டி கயல மாட்டேன்னுச்சு. போட்டபடியே எரிச்சிட்டோம்."

"நான் போட்டுக்கலண்ணே." சுசீலாவின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "முந்தாநேத்து எழுந்து பாத்தா என்னுது காணோம். இதுதான் இருந்துச்சு. வலது கால்ல என் கல்யாண மெட்டி அப்படியே கீது."

சமையலறைச் சிமென்ட் தரையில் ஏதோ தட்டியது.

டக்.

மெட்டி போட்ட கால் ஓர் அடி எடுத்து வைத்ததுபோல.

"யாரு உள்ள?"

"யாருமில்ல. அது அப்படித்தான். நீ அறு பத்தரே."

விரலுக்கும் மெட்டிக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, சின்ன அரத்தால் மெட்டியின் மேல்பக்கத்தை இழுத்தான். வெள்ளித் தூள் பாயில் உதிர்ந்தது. ஊதிப் பார்த்தான்.

கீறல்கூட இல்லை.

இன்னும் அழுத்தி இழுத்தான். தூள் குவிந்தது. மெட்டி புதிதுபோல மின்னியது.

டக். டக்.

இப்போது சத்தம் சமையலறை வாசற்படிக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஈரச் சாம்பல் வாசனை கூடத்தில் பரவியது. விளக்குத் திரி தானாகத் தாழ்ந்தது.

"விரல் இருக்கிறதே தெரியலண்ணே" என்றாள் சுசீலா.

உத்தமனுக்கு உறைத்தது. எங்கே மூடினானோ அங்கேதான் திறக்க வேண்டும். பாதத்தைத் திருப்பி, மூன்று புள்ளிகளின் மேல் அரத்தை வைத்தான். வழுக்கியது.

"அக்கா, புஷ்பாகிட்ட நீ சொன்னியே, இந்த ஊட்டு மருமவளே இல்லன்னு. அத மாத்திச் சொல்லு."

"செத்தவகிட்ட இன்னாத்தச் சொல்றது?"

டக்.

பாயின் ஓரம் அமுங்கியது.

தாயம்மாள் அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். "புஷ்பா... நீதாம்மா இந்த ஊட்டு மருமவ. நீயும்தான்."

அரம் பிடித்தது. நாலைந்து இழுப்பில் வாய் திறந்தது. குறட்டால் விரித்துக் கழற்றினான். விரலில் ரத்தம் ஓடத் தொடங்க, சுசீலா வலியில் கத்தினாள். அந்தக் கத்தல் அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

"எடுத்துக்கினு போயிடு. இங்க வேணாம்" என்றாள் தாயம்மாள்.

போகும் வழியில் மெட்டியை சைடிங் ஓரத்து வெள்ளத்தில் வீசினான். வீசிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அவன் செய்தது ஒரு ஜோடி.

வீட்டில் கரண்ட் வந்திருந்தது. அவன் மனைவி பஞ்சவர்ணம் காலை நீட்டிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? வந்ததும் வராததுமா ஒரு வேலை. காலைலேர்ந்து விரல் குடையுது. இந்த மெட்டியக் கொஞ்சம் தளத்தி உடேன்."

அவளுக்கு அவன் செய்து போட்ட மெட்டி. வாய் விட்டுத்தான் செய்தான். குறட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அவள் பாதத்தை மடியில் வைத்தான். மெட்டியின் அடியில் நகத்தை வைத்து மெதுவாக நகர்த்தினான்.

"இன்னாய்யா, இவ்ளோ நேரமாத் தேடறே?"

நகம் மூன்று புள்ளிகளில் மட்டும் தட்டி, வாய் எங்கும் அகப்படாமல் ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.