ஐந்தாம் ஜோடி

எழுபத்தெட்டாம் வருஷத்து அக்டோபர். ஓர்ஹுஸ் நகரத்து மழை அன்று பாவம் பார்த்துத் தூறலோடு நின்றுவிட்டது. காப்பிக்கடை வாசலில் குழந்தை வண்டிகள் அந்த ஊர் வழக்கப்படி வரிசையாக நின்றன. பெற்றவர்கள் உள்ளே காப்பி குடிக்க, பிள்ளைகள் வெளியே குளிர்காற்றில் தூங்கின. அந்த வழியாகப் போன மெரெத்தேயின் காதில், ஒரு வண்டிக்குள்ளிருந்து பூனைக்குட்டியின் மெல்லிய குரல் விழுந்தது...

ஐயோ, பூனை ஏறிவிட்டதே என்று பதறிப்போய்ப் போர்வையை விலக்கினாள். பூனை இல்லை. வட்ட முகத்தோடு ஒரு பெண்குழந்தைதான் அப்படி அழுதுகொண்டிருந்தது.

"ஏங்க, என் பிள்ளை வண்டியில உங்களுக்கென்ன வேலை?"

நிமிர்ந்தாள். எதிரே ஓர் இளைஞன். சாம்பல் நிறக் கண்கள், இமையில் மழைத்துளி... கோபத்திலும் இவ்வளவு அழகா? அந்த நேரத்திலும் அங்கே போன மனசைத் திட்டிக்கொண்டாள்.

"பூனைன்னு நினைச்சேன்..."

"எல்லாரும் அதான் சொல்றாங்க." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் தோர்கில். இவ ஸிக்னே. தொண்டை இளசாம், வளர்ந்தா சரியாயிடும்னு நர்ஸ் சொன்னாங்க. பிரசவத்தோட இவ அம்மா போயிட்டா... என் சமையலைக் கண்டுதான் இவ அழுறான்னு நினைக்கிறேன்."

மெரெத்தே சிரிக்கவில்லை. அவளுக்கு வேலை ஆஸ்பத்திரிக் குரோமோசோம் ஆய்வகத்தில். சின்னத் தலை, விலகி நின்ற கண்கள், இந்த அழுகை... போன வருஷம் குரோமோசோம் குறையோடு பிறந்த ஒரு குழந்தையிடம் இதையே பார்த்திருக்கிறாள்.

"நான் மெரெத்தே, ஆஸ்பத்திரி ஆய்வகத்துல வேலை பண்றேன். இவளுக்குக் குரோமோசோமுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க..."

அவன் முகம் இறுகியது. "தெருவுல போறவங்க அழுகையைக் கேட்டே என் பொண்ணுக்கு நோய் சொல்வீங்களா?" விருட்டென்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

மூன்று வாரம் கழித்து, ஸிக்னேயின் பெயரோடு ரத்தம் அவள் மேசைக்கே வந்தது. நுண்ணோக்கியில் எடுத்த படத்திலிருந்து குரோமோசோம்களைக் கத்தரித்து ஜோடி சேர்த்தாள். ஐந்தாம் ஜோடியில் ஒன்று மட்டும் நுனி போய்க் குட்டையாக இருந்தது. வேறு செல், வேறு படம்... மாறவேயில்லை. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு அழுதாள். குடும்பத்திடம் டாக்டர்தான் சொல்ல வேண்டும், அவள் வாய் திறக்கக்கூடாது.

அடுத்த வாரம் ஆய்வகப் படிக்கட்டில் தோர்கில் உட்கார்ந்திருந்தான். தெப்பலாக நனைந்திருந்தான்.

"டாக்டர் சொல்லிட்டார்... நடக்க ரொம்பக் காலமாகுமாம். பேச்சு வராமலே போகலாமாம். அன்னைக்கு உங்க மேல எரிஞ்சு விழுந்தேன்..."

"அவ குரோமோசோம் படத்தை வெட்டிப் பார்த்ததே நான்தாங்க. நான் சந்தேகப்பட்டது பொய்யாப் போகணும்னு முப்பது செல் பார்த்தேன்..."

"சரியாயிடும் சரியாயிடும்னே எல்லாரும் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் அவளை நிஜமாப் பார்த்தீங்க. இத்தனை நாளும் கோபத்துல உங்களையே நினைச்சிட்டிருந்தேன். இப்போ கோபம் போயிடுச்சு... நினைப்பு போகலை."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவ என்னை அப்பான்னு கூப்பிடாமலே இருந்திடுவாளோன்னு பயமா இருக்கு, மெரெத்தே."

"எனக்கும்தான் பயமா இருக்கு." அவன் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா உங்களைப் பிடிச்சிருக்கு... அவளையும்."