இருபதுக்கு ஒரு பக்கம்

எல்லோரும் சௌக்கியம்தானே? கண், கழுத்து, மூட்டு எல்லாம் நலமா? இன்றைக்கு வாசித்த பக்கங்களுக்கு எழுதி முடித்துவிட்டீர்களா? முடித்தவர்கள் உட்காருங்கள், தூத்துக்குடி தமயந்தியின் கதையைச் சொல்கிறேன்.

தமயந்தி புத்தகம் வாசிக்கும் நூற்பலகை முன்பெல்லாம் தினமும் காலை பத்தரைக்கே பூட்டிக்கொள்ளும். இருபது பக்கம் வாசித்தால், தன் நாளைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ஊரே புத்தகங்களுக்குள் குடியேறி, சொந்த நாட்களை மறக்கத் தொடங்கியபோது வந்த சமன்முறை அது. அடுத்தவரிடம் எழுதி வாங்கி ஒட்டுகிறவர்களைப் பிடிக்கப் பலகைக்குள்ளேயே ஒரு நடைகாணி இருந்தது. எழுத்து உங்கள் நடையோடு பொருந்தினால்தான் பூட்டு விலகும்.

தமயந்தி ஒரு நாளைக்கு நூறு பக்கம் வாசிக்கிறவள். ஐந்து பக்கம் எழுத யாருக்குப் பொறுமை? பக்கத்து வீட்டில் விசாரித்து, நமக்குப் பதிலாக எழுதித் தரும் ‘பதிலெழுதி’ என்ற கருவியை வாங்கினாள். சுண்டைக்காய் அளவுதான், பலகையின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அவள் முன்பு எழுதிய பக்கங்களைப் பார்த்து அவள் நடையைக் கற்றுக்கொண்டு, தினமும் தானே எழுதியது. நாலு வருடம் பூட்டே விழவில்லை. அது என்ன எழுதுகிறது என்று அவள் பார்த்ததும் இல்லை.

அவள் கணவர் ஆவுடையப்பன் உப்பளத்தில் மோட்டார் பார்ப்பவர். மதியம் வந்து எதிர் நாற்காலியில் உட்காருவார்.

“ஏட்டி, ஒன்னு சொல்லணும்.”

“இந்த அத்தியாயம் முடியட்டும். வாய் ஓடியா போவுது?”

“நாலு வருசமா அந்த அத்தியாயம் முடியலையேட்டி!” என்று சிரிப்பார்.

சித்திரையில் ஒரு மதியமும் அப்படித்தான் உட்கார்ந்து ஏதோ சொன்னார். அவள் தலை நிமிராமல் “ம்” என்றாள். மூன்று மணிக்குப் பார்த்தபோது, அதே நாற்காலியில் உயிர் போயிருந்தது.

பதினாறாம் நாள் படத்திறப்பு. மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று, போனவரின் கடைசிப் பேச்சை நாட்பக்கத்திலிருந்து வாசிப்பது இப்போதைய வழக்கம். தான் கேட்கத் தவறியதைப் பதிலெழுதி கேட்டு வைத்திருக்கும் என்பதுதான் தமயந்திக்கு அத்தனை நாளும் இருந்த ஒரே ஆறுதல். பலகையைத் திறந்து வாசித்தாள்.

“காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ‘அன்பே, மழைக்காலத்தில் உன் ஊர் மலைகளைப் பார்க்கப் போவோம்’ என்றார்.”

வந்திருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவர் தங்கை பிரமு மட்டும் துடைக்கவில்லை.

“மயினி, எங்கண்ணன் என்னைக்குக் காப்பி குடிச்சான்? பொறந்ததுலருந்து சுக்குத்தண்ணிதான. ஒனக்கு எந்த ஊர்ல மலை? நீ கடக்கரையில பொறந்தவல்லா! அன்பேவாம்... யாரு வீட்டு மாப்பிள்ளைய வாசிக்க நீ?”

தமயந்தி பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளினாள். ஒரு நாள் அவர் வயலின் வாசித்தார். ஒரு நாள் போரிலிருந்து திரும்பினார். எல்லாம் அவள் அந்தந்த வாரம் வாசித்த நாவல்கள். பதிலெழுதிக்குக் காது கிடையாது; அவள் வாசித்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். நாலு வருடத்தில் ஆவுடையப்பன் ஒரு வரியில்கூட இல்லை.

மறுநாள் காலை பதிலெழுதியைப் பிய்த்தெறிந்துவிட்டுத் தானே எழுத உட்கார்ந்தாள். நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது.

‘அவர் சுக்குத்தண்ணிதான் குடிப்பார். என்னை ஏட்டி என்பார். அன்று மதியம் ஏதோ சொன்னார். நான் கேட்கவில்லை.’

நடைகாணி அதைப் பதிலெழுதியின் நாலு வருடப் பக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது.

‘இது உங்கள் நடை அல்ல. பிறர் எழுதிய பக்கம் அழிக்கப்பட்டது.’

மறுபடி எழுதினாள். மறுபடி அழிந்தது. எதிர் நாற்காலியைப் பார்த்தபடி மூன்றாம் முறையும் முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

உங்கள் எதிர் நாற்காலியில் யார் உட்காருகிறார்கள்? நேற்று மதியம் என்ன சொன்னார்கள்? எனக்கு எழுதி அனுப்புங்களேன். உங்கள் கையாலேயே எழுதுங்கள்.